சிவப்புத் தேங்காய்

"செருப்ப அவுத்துக் கரையில போடுங்க சார்."

ரகுராமனின் ஒரு கால் படகில் இருந்தது. மறு கால் முழங்கால் வரை சேற்றில்.

"இப்ப செருப்பா முக்கியம்?"

"இப்பத்தான் முக்கியம்" என்றான் முருகையன், இன்ஜின் கயிற்றைச் சுண்டியபடியே. "புள்ளயத் தேடிப் போறோம். செருப்போட ஏறினா கடலம்மா எதையும் திருப்பித் தர மாட்டா."

செருப்புகள் கரையில் போய் விழுந்தன. இன்ஜின் இருமியது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

கரையில் சௌந்தரநாயகி நின்றுகொண்டிருந்தாள். முருகையனுக்கு அக்கா. காணாமல் போன பெண்ணுக்கு அம்மா. இரண்டு துடுப்புகளைக் குழந்தையைப் போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். துடுப்புகளின் பிடியில் நீல நைலான் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

மத்தியானம் அவள் போன் செய்தபோது ரகுராமன் திருத்துறைப்பூண்டியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சார், ஆர்த்தி அவங்கப்பா வள்ளத்த அவுத்துக்கிட்டுப் போயிட்டா. துடுப்ப வீட்டுலயே வச்சிட்டுப் போயிருக்கா சார்."

பைக்கை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. வழியெல்லாம் சம்பா வயல்களில் காற்று பயிரைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. குப்பத்தில் ஒருவரும் அன்று தொழிலுக்குப் போகவில்லை. போன ஒரே ஆள் பதினேழு வயதுப் பெண். அதுவும் துடுப்பில்லாமல்.

ஆர்த்தி மறதிக்காரி இல்லை. நடை பழகும் முன்பே வள்ளத்தில் உட்காரப் பழகியவள். துடுப்பை வேண்டுமென்றேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏன் என்பது ரகுராமனுக்குப் பாதி தெரியும்.

* * *

திருத்துறைப்பூண்டியில் அவனுக்குக் 'கேள்வி சார்' என்று பெயர். மாடவீதியில் தாத்தா காலத்து வீடு. நிலமெல்லாம் கை மாறி, அண்ணன் பெங்களூருக்குப் போய், மிஞ்சியது அந்த வீடும் அதன் கூடத்தில் ஒரு கரும்பலகையும். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் அவன் விடை சொல்லவே மாட்டான். "புரிஞ்சுதா?" என்றும் கேட்க மாட்டான். அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டிவிடும் என்பது அவன் கட்சி. கேட்டால் இப்படித்தான் கேட்பான்: உனக்கு எது தெரியும்? எது தெரியாது? தெரியும்ங்கிறியே, எப்படித் தெரியும்?

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வான். பதில் வரும்வரை கூடத்தில் மின்விசிறி மட்டும்தான் பேசும்.

"காசு வாங்கிக்கிட்டு நம்மளையே பதில் சொல்லச் சொல்றாரு பாரு" என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். மார்க்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

ஆர்த்தி அவனுடைய மாணவி. ப்ளஸ் ஒன் படிக்கும்போது அவன் ஊரில் ஹாஸ்டலில் தங்கி டியூஷனுக்கு வந்தவள். சென்ற தை அமாவாசையோடு எல்லாம் மாறிப்போனது. அவள் அப்பா கலியபெருமாள் விடியற்காலையில் முகத்துவாரத்தில் வலை போடப் போனவர் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் லகூன் என்கிற உப்பங்கழிக்குள் அலையாத்திக் காட்டின் கொக்குத் திட்டில் வேர்களுக்கு நடுவே சொருகிக் கிடைத்தது. உடம்பு கிடைக்கவில்லை.

"கடல் எடுத்துக்கிட்டுது" என்றது ஊர். அந்தக் கரையில் அது சாவில் சேர்த்தி இல்லை. கடல் எடுத்தவன் குலசாமி ஆகிவிடுவான். அந்த வீட்டில் பெண்ணெடுக்க நான் நீ என்று வருவார்கள். அந்தியில் அந்த வீட்டுப் பெண்கள் வாசலில் அகல் வைப்பார்கள். திரியின் முகம் கடலைப் பார்த்திருக்கும். போனவனுக்குத் திரும்பி வர வழி தெரிய வேண்டுமே.

ஆர்த்தி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு அம்மாவுக்குத் துணையாக வீட்டுக்கே வந்துவிட்டாள். டியூஷனுக்குப் பஸ்ஸில் வந்துபோனாள். வீட்டு வாசல் பூவரசு மரத்தடியில் பாய் விரித்துப் படிப்பாள்.

"அங்க உக்காந்தா நல்லாப் படிப்பு ஏறுது சார்" என்றாள் ஒருநாள். "அப்பா பக்கத்துலயே இருக்குற மாதிரி இருக்கு. சில நேரம் அவரு பீடி வாசனை வருது. இருமுறது கூடக் கேக்குது."

ரகுராமன் கிளறவில்லை. துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் எப்படித் தெரியும் என்று கேட்பதா?

ஆடி மாதம் அவளே ஒரு கேள்வியோடு வந்தாள்.

"சார், வள்ளம் கொக்குத் திட்டுல கெடச்சுது. அப்ப அப்பா எந்த எடத்துல விழுந்திருப்பாரு? அந்த எடம் தெரிஞ்சா அங்க போயிப் பால் ஊத்தலாம். அம்மா பாவம் சார். எதுக்காவது ஒரு முடிவு வேணும்ல."

வேறு யாராவது என்றால் தலையைத் தடவி, போனது போகட்டும்மா என்றிருப்பார்கள். ரகுராமன் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தான்.

"உனக்கு எது தெரியும்?"

"வள்ளம் போய்ச் சேந்த எடம்."

"எது தெரியாது?"

"தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும்னு தெரியாது."

"அதை எப்படிக் கண்டுபிடிப்பே?"

மின்விசிறி நிறைய நேரம் சுற்றியது. பிறகு ஆர்த்தியின் முகத்தில் பல மாதங்களுக்குப் பின் வெளிச்சம் வந்தது. "தேங்காய மெதக்க விட்டுப் பாக்கலாம் சார். செவப்புப் பெயிண்ட் அடிச்சு விட்டா தூரத்துலேருந்து தெரியும்."

முகத்துவாரத்தில் விட்டாள். லகூனின் நடுவில் விட்டாள். வடக்கே, தெற்கே விட்டாள். ஒரு தேங்காய்கூடக் கொக்குத் திட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சோர்ந்துபோய் வந்து நின்றவளிடம் ரகுராமன் கேட்டான்.

"எந்த இடத்தை விட்டுட்டே?"

"ஒரு எடந்தான் சார். எங்க துறை. ஆனா அங்கேருந்து வந்திருக்க முடியாது."

"எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது ஐப்பசி அமாவாசைக்கு முந்தைய நாள்.

அதற்குப் பிறகு அவள் தேங்காயைப் பற்றிப் பேசவே இல்லை. போன சனிக்கிழமை மட்டும், மற்றவர்கள் கிளம்பியதும், வாசலில் நின்றபடி கேட்டாள்: "சார், ஒரு தடவ வந்த விடைய நம்பலாமா?"

என்ன விடை என்று அவன் கேட்டிருக்க வேண்டும். பழக்கம் விடவில்லை.

"நீ என்ன நினைக்கிறே?"

"திரும்பச் செஞ்சு பாக்கணும்."

"எதையெல்லாம் மாத்தாம?"

ஆர்த்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எதையுமே மாத்தாம சார்."

இன்று கார்த்திகை அமாவாசை.

* * *

முருகையன் படகை நேரே முகத்துவாரத்துக்கு விட்டான். மழைத்தூறல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது.

"துடுப்பில்லாத வள்ளம் வடியிற தண்ணியில கடல்வாய்க்குத்தான் சார் போவும். வாயத் தாண்டிட்டா..." முருகையன் முடிக்கவில்லை. தூரத்தில் கடல் உறுமுவதே மிச்சத்தைச் சொன்னது.

"முருகையன், ஆர்த்தி அப்பாவோட வள்ளமும் இதே துறையிலேருந்துதானே போச்சு?"

"ஆமா."

"அது கிடைச்ச இடம்?"

"கொக்குத் திட்டு. தெரிஞ்சதுதானே சார்."

"யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

கேட்பவன் தப்பாகக் கேட்கிறான் என்று ரகுராமனுக்கே தோன்றியது. ஒற்றை வார்த்தையில் முடியும் கேள்விகள். போலீஸ்காரன் கேட்கிற கேள்விகள். மூச்சை இழுத்து மாற்றிக் கேட்டான்.

"ஊரே கடல்ல தேடுச்சு. நீங்க மட்டும் ஏன் காட்டுக்குள்ள போய்த் தேடினீங்க?"

முருகையன் திரும்பவில்லை. அவன் பிடறியில் மழைநீர் வழிந்தது. ரகுராமன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். இன்ஜின் தடதடத்தது. ஒரு நாரை தலைக்கு மேல் கடந்து போனது.

"ஆர்த்தி பாப்பாவும் போன வாரம் இதயேதான் கேட்டா" என்றான் முருகையன் கடைசியில். "நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா சார்?"

பதிலுக்குக் காத்திராமல் சுக்கானை ஒடித்துத் திருப்பினான். படகு கடலுக்கு முதுகைக் காட்டியது. கொக்குத் திட்டுக்குப் போகும் பிரிவு வாய்க்கால் எதிரே கறுப்பாக வாயைத் திறந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் காற்று நின்றுபோனது. அது காற்றைவிடப் பயமாக இருந்தது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். வடிந்த சேற்றிலிருந்து அவற்றின் மூச்சுவேர்கள் ஆயிரம் விரல்களாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன. முருகையன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழியால் ஊன்றினான். சேற்றில் எங்கெங்கோ குமிழிகள் வெடித்தன.

"ஆர்த்தி" என்று கூப்பிட்டான் ரகுராமன்.

"மூணு தடவ கூப்பிடணும் சார்" முருகையன் குரலைத் தணித்தான். "ஒரு தடவ, ரெண்டு தடவ கூப்பிட்டா இந்தக் காட்டுல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. முதல் ரெண்டு கூப்பாடு மனுசனுது இல்ல."

"ஆர்த்தி."

வலப்புறம் மரங்களுக்கு உள்ளே யாரோ இருமினார்கள். ஆண் இருமல். பீடிக்காரனின் காய்ந்த இருமல். ரகுராமன் சட்டென்று முருகையனைப் பார்த்தான். முருகையன் கழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அவன் உதடுகள் மட்டும் அசைந்தன. "மச்சான், விட்டுடு மச்சான்... உன்ன நாங்க வேணும்னு..."

நீர்நாயாக இருக்கலாம். வக்கா நாரை இரவில் கத்தும்; பகலிலும் கத்துமோ என்னவோ. ரகுராமன் மூன்றாவது முறையும் கூப்பிட்டான். குரல் உடைந்து வந்தது.

"ஆர்த்தி..."

"இங்க இருக்கேன் சார்."

வளைவைத் தாண்டியதும் வள்ளம் தெரிந்தது. வேர்களுக்கு நடுவே மூக்கைச் சொருகிக்கொண்டு அசையாமல் நின்றது. உள்ளே ஆர்த்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். அழுத சுவடு இல்லை. வள்ளத்தைச் சுற்றி வேர்களில், வெயிலில் வெளுத்த சிவப்புத் தேங்காய்கள் கரை தட்டிக் கிடந்தன. எல்லாமே போன அமாவாசைக்கு அவள் துறையிலிருந்து விட்டவை.

"பாப்பா" என்று முருகையன் தாவி அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை உதறவில்லை. ஆனால் அவனைப் பார்க்கவும் இல்லை. ரகுராமனிடம்தான் பேசினாள், டியூஷனில் பேசுவது போலவே.

"நான் ஒன்னும் செய்யல சார். படுத்துக்கிட்டே வந்தேன். அமாவாசை அன்னிக்கு மட்டும் எங்க துறைத் தண்ணி இந்தப் பக்கம் இழுக்குது. வள்ளம் தானா வந்து இங்க நிக்குது."

"அதனால?" பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதனால அப்பா வள்ளம் வாய்க்குப் போகவே இல்ல. துறையில யாரோ அவுத்து விட்டுருக்காங்க. வெறும் வள்ளம்."

முருகையன் பொத்தென்று பலகையில் உட்கார்ந்தான்.

"வள்ளம் கெடச்சப்ப துடுப்பு இல்ல. கடல்ல விழுந்துடுச்சுன்னு சொன்னீங்க மாமா" என்றாள் ஆர்த்தி, இன்னும் அவனைப் பார்க்காமல். "போன மாசம் கூரைக்குப் போட எடுத்த ஓலைக்கு அடியில அந்தத் துடுப்பு இருந்துச்சு. பிடியில அப்பா சுத்துன நீலக் கயிறு அப்படியே இருக்கு. வாய்க்கு வலை போடப் போறவரு துடுப்பு இல்லாம எப்படி மாமா போவாரு?"

சாவை ஜோடித்தவர்கள் வள்ளத்தை அனுப்பினார்கள், வலையை அனுப்பினார்கள். துடுப்பை அனுப்ப மறந்துவிட்டார்கள். காலமெல்லாம் துடுப்போடு வாழ்ந்தவர்களுக்கு அது கையின் நீட்சி. கையை எடுத்து வைத்தோமா என்று யார் சரிபார்ப்பார்கள்?

"மாமா, அவுத்து விட்டது நீங்களா?"

முருகையன் எழுந்தான். வள்ளத்தைத் தன் படகின் பின்னால் கட்டினான். முடிச்சுப் போட அவன் விரல்களுக்கு வெகுநேரம் பிடித்தது.

"உங்கம்மாவக் கேளு பாப்பா. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

* * *

துறைக்குத் திரும்பியபோது அந்தி. குப்பத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அகல்கள் எரியத் தொடங்கியிருந்தன. கடல் எடுத்த வீடுகள். எல்லாச் சுடரும் கடலைப் பார்த்து.

கரையில் செருப்புகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. ரகுராமன் அவற்றைத் தொடவில்லை. வெறுங்காலோடு ஆர்த்தியின் பின்னால் நடந்தான்.

இந்தப் பெண் இப்போது என்ன கேட்கப் போகிறாள்? அப்பாவ என்ன பண்ணீங்க என்று கேட்டால், ஒன்னும் பண்ணல என்று ஒரே வார்த்தையில் கதவு சாத்திக்கொள்ளும். கொன்னுட்டீங்களா என்று கேட்டால் வீடே இரண்டாகும். பிறகு எந்த ஜென்மத்திலும் ஒட்டாது. ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். தப்பாகக் கேட்டால் அப்பாவோடு அம்மாவும் போய்விடுவாள். எங்கே போகிறாய், பதில் கிடைத்தால் என்ன செய்வாய் என்று தான் முன்பே கேட்காமல் போனது அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது.

சௌந்தரநாயகி பூவரசு மரத்தடியில் இருந்தாள். அமாவாசைக்கு அகல் வைத்திருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள்.

"பாவி மவளே, எங்கடி போன... வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு..."

கட்டிக்கொண்டாள். ஆர்த்தி கட்டிக்கொள்ளவில்லை, விலகவும் இல்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக அகலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அம்மா, எல்லாரும் விளக்கக் கடலப் பாத்து வக்கிறாங்க. நீ மட்டும் ஏன் கடலுக்கு முதுகக் காட்டி, மரத்தப் பாத்து வக்கிற?"

ரகுராமன் எத்தனையோ முறை இந்த வாசலுக்கு வந்திருக்கிறான். அந்த விளக்கைப் பார்த்திருக்கிறான். கேட்டதில்லை.

சௌந்தரநாயகியின் கைகள் மகளின் முதுகிலிருந்து நழுவின. முருகையன் குறுக்கே புகுந்தான். "அக்கா, புள்ள நனைஞ்சிருக்கு, முதல்ல உள்ள..." ஆர்த்தி கையை உயர்த்தினாள். அவன் நிறுத்திக்கொண்டான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள அவளுக்கும் கற்றுக்கொடுத்தாகிவிட்டது.

பூவரச இலைகளிலிருந்து மழை சொட்டியது. எங்கிருந்தோ பீடி வாசனை லேசாக வந்தது. ரகுராமன் முருகையனின் கைகளைப் பார்த்தான். இரண்டும் வெறுமையாக இருந்தன.

சௌந்தரநாயகி விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரியைத் தூண்டினாள்.

"நீ ஹாஸ்டல்ல இருந்த. தை அமாவாச, விடியக்காலம். பாத்தா பாயில ஆளக் காணோம். வெளிய வந்தேன்." அவள் நிமிர்ந்து மரத்தின் தாழ்ந்த கிளையைப் பார்த்தாள். உடனே பார்வையை இறக்கிக்கொண்டாள். "தானா முடிச்சுக்கிட்டாரு புள்ள. ஏன்னு எனக்கும் சொல்லல. முந்தின ராத்திரி சோறு நல்லாருக்குன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

ஆர்த்தி அம்மாவின் எதிரே மெல்ல உட்கார்ந்தாள்.

"கடல் எடுத்த வீடுன்னா கையெடுத்துக் கும்பிடுவாங்க. இப்படிப் போன வீடுன்னா வாசல்ல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. உன்ன யாரு கட்டுவா? ஊரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி மாமன வரச் சொன்னேன். மாமன்தான் வள்ளத்த அவுத்து விட்டான்."

"அப்பாவ?" என்றாள் ஆர்த்தி.

மரத்தடியில் காலையில் அவள் விரித்த பாய் மழையில் ஊறிக் கிடந்தது. சௌந்தரநாயகி அதன் ஓரத்தை மெதுவாகச் சுருட்டினாள். கீழே இருந்த மணலை உள்ளங்கையால் தடவினாள், தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தடவுவது போல.

"வள்ளத்த மட்டுந்தான் அனுப்பினோம் புள்ள. அவர எங்கயும் அனுப்பல. நீ தெனமும் உக்காந்து படிக்கிற எடத்துலதான் இருக்காரு."